தாயம் விழும்வரை

1

தி. நகர் விளையாட்டுச் சாமான் கடைகளில் தொங்கும் மடக்குச் செஸ் பெட்டியை எல்லோரும் பார்த்திருப்போம். வெளிப்பக்கம் 64 கட்டம். திறந்தால் உள்ளே இன்னொரு பலகை: இரண்டு பக்கமிருந்தும் எதிரெதிராக நீளும் 24 கூர்முக்கோணங்கள். செஸ் காய்களைக் கொட்டி மூடிவைக்கும் இடம் என்பதற்கு மேல் நம் வீடுகளில் அதற்கு வேலை கிடையாது. அது பேக்கமன் பலகை. மேற்காசியாவிலும் மத்தியதரைக்கடல் ஊர்களிலும் டீக்கடை தவறாமல் ஆடப்படுகிற ஆட்டம், இங்கே பெட்டியின் உட்புறமாகவே இருந்துவிட்டது.

இந்தப் பெட்டியையே ஒரு பண்பாட்டுப் பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். வெளியே செஸ்: பார்க்க, காட்ட, பெருமைப்பட. உள்ளே பகடை: மூடிவைக்க. சென்னை நகரம் தன்னைச் செஸ் நகரம் என்று சொல்லிக்கொள்வதற்குக் காரணங்கள் உண்டு. 1961இல் மானுவேல் ஆரோன் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 1972இல் சோவியத் கலாச்சார மையத்தில் தால் பெயரில் கிளப் வந்தது. அங்கே ஆடிப் பழகிய ஆனந்த் 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட். 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன். இந்த வரிசைக்குள்ளேயே 'செஸ் ஆடுகிற பிள்ளை புத்திசாலிப் பிள்ளை' என்கிற சமன்பாடும் ஊறிக்கிடக்கிறது. தாயம் ஆடுகிற பாட்டியை யாரும் புத்திசாலி என்று சொன்னதில்லை. 'பொழுது போகலே, ஆடறா' என்பதோடு சரி.

ஏன் இப்படி? பகடை விழுகிற ஆட்டத்தில் அறிவுக்கு இடமில்லை, எல்லாம் அதிர்ஷ்டம் என்கிற நம்பிக்கைதான். இந்த நம்பிக்கை தப்பு என்பதோடு, அது சில பேருடைய அறிவைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டிருக்கிறது என்பதும், அந்தக் கணக்கின் நிழல் இன்றைய சூதாட்டச் சட்டங்கள் வரை விழுகிறது என்பதும்தான் இங்கே சொல்ல வருவது.

2

தமிழில் இந்த ஆட்டங்களின் தடம் இலக்கணத்திலிருந்தே தொடங்குகிறது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில், புள்ளிமயங்கியலில், 'வல்' என்ற சொல்லுக்குப் புணர்ச்சிவிதி உண்டு. வல் என்றால் சூதாடு கருவி. அதோடு 'நாய்', 'பலகை' என்ற சொற்கள் சேரும்போது என்ன ஆகும் என்பதற்குத் தனியாக இன்னொரு விதி. வல்லநாய், வல்லப்பலகை என்று வரும். நாய் என்பது இங்கே குரைக்கிற நாய் கிடையாது. பலகைமேல் நகர்த்துகிற காய். ஜனங்களின் வாயில் அன்றாடம் புழங்காத ஒரு கூட்டுச்சொல்லுக்காக இலக்கணக்காரர் மெனக்கெட்டுத் தனிவிதி எழுதமாட்டார்.

புறநானூறு 52ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் ஒரு பாழடைந்த பொதியிலைக் காட்டுகிறார். நரைத்த கிழவர்கள் காய் வைத்து வைத்துக் குழிந்துபோன ஆட்டக்களம். அந்தக் குழியில் இப்போது காட்டுக்கோழி முட்டை இட்டிருக்கிறது. பாண்டியன் கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதியைப் பாடுகிற பாட்டு இது. ஒரு ஊர் அழிந்தது என்று சொல்ல, கிழவர்கள் ஆடாமல் போன ஆட்டத்தைத்தான் புலவர் எடுத்துக்கொள்கிறார். ஊர் இருந்தது என்பதன் அடையாளமே அந்தக் குழிதான். கீழடி பற்றித் தமிழகத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையிலும் பகடையும் ஆட்டக்காய்களும் இடம்பெற்றிருக்கின்றன.

அடுத்து வள்ளுவர். சூது என்றதும் 94ஆம் அதிகாரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் 41ஆம் அதிகாரமான கல்லாமையின் முதல் குறளைப் பார்க்க வேண்டும். நூல்களைக் கற்காமல் அவையில் பேசப்போகிறவனை, கட்டம் போடாமலே வட்டாடுகிறவனுக்கு ஒப்பிடுகிறார். அங்கே ஆட்டத்தின் அரங்கு என்பது கல்வியின் உவமை: கட்டம் தெரிந்தவனுக்குத்தான் காய் நகரும். 94ஆம் அதிகாரத்தில் அவருடைய கோபம் வேறிடத்தில் விழுகிறது. முதலில் கிடைக்கிற வெற்றி, மீன் விழுங்கிய தூண்டில் முள் மாதிரி என்கிறார். பணயமும், பணயத்தின் தூண்டிலும்தான் அங்கே குறி. ஒரே பிரதியில் பலகைக்கு இரண்டு வாழ்வு உண்டு. பிற்கால நீதிச் சொல்லாடல் இரண்டாவதை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, பலகை, பகடை, காய் எல்லாவற்றையும் 'சூது' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டது.

3

சரி, எப்படி ஆடுகிறார்கள்? பகடை விழுந்த பிறகு என்ன மிச்சம் இருக்கிறது என்பதை ஆட்டத்துக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

தாயக்கட்டை என்பது இரண்டு நீளக் கட்டைகள், பெரும்பாலும் பித்தளை. ஒவ்வொன்றுக்கும் நாலு முகம்: ஒன்று வெறுமை, மற்றவற்றில் 1, 2, 3 புள்ளிகள். ஒன்றில் வெறுமையும் இன்னொன்றில் 1ம் விழுந்தால் தாயம். இரண்டும் வெறுமையானால் 12. மற்றவை கூட்டுத்தொகை. தாயம் போட்டாத்தான் காய் இறங்கும். 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி போடலாம். கட்டம் ஐந்துக்கு ஐந்து, ஏழுக்கு ஏழு என்று வீட்டுக்கு வீடு மாறும். பெருக்கல் குறி போட்ட கட்டத்தில் இருக்கிற காயை வெட்ட முடியாது. சில வீடுகளில் அதை மலை என்பார்கள். வெட்டுப்பட்ட காய் மறுபடி தாயத்துக்குக் காத்திருக்கவேண்டும். வெட்டினவருக்கு இன்னொரு போடு. சுற்றி முடித்து நடுவுக்குப் போன காய் பழம்.

இரண்டு கட்டைகளுக்குமாக 16 விதமாக விழலாம். அதில் 3 விழுவதற்கு நாலு வழி. 2க்கும் 4க்கும் மும்மூன்று. தாயத்துக்கும் 5க்கும் இரண்டிரண்டு. 6க்கும் 12க்கும் ஒவ்வொன்று. தாயம் எட்டில் ஒரு பங்கு. 'விழவே மாட்டேங்குது' என்று சலித்துக்கொள்வது வெறும் புலம்பல் கிடையாது, கணக்கே அப்படித்தான். எதிராளியின் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் நம் காயை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. ஆறு கட்டம் முன்னால் நிறுத்தினால் நேராக வெட்டுப்பட 16இல் ஒரு வழிதான். ஆனால் 5 போட்டவருக்கு மறு போடு உண்டு, அதோடு தாயமும் விழுந்துவைத்தால்? அதையும் பார்க்கவேண்டும். இந்தப் பின்னங்களைப் பேப்பரில் போட்டுப் பார்க்காதவர்களும் கட்டத்தில் சரியாகவே நிறுத்துகிறார்கள். கையில் இருக்கிற கணக்கு அது.

இப்போது ஒருவருக்கு 5, தாயம், 3 என்று விழுகிறது. மூன்றையும் ஒரே காய்க்குக் கொடுக்கலாம், பிரித்தும் கொடுக்கலாம். தாயத்தை வைத்துப் புதுக் காய் இறக்குவதா, ஏற்கெனவே நிற்கிற காயை ஒரு கட்டம் தள்ளி மலையில் ஏற்றுவதா? 5ஐ வைத்து வெட்டினால் வெட்டின காய் யார் வாயில் போய் நிற்கும்? பல வீடுகளில் ஒரு வெட்டாவது வெட்டாமல் உள்ளே போகமுடியாது என்று வேறு விதி. அதாவது முழுக்கப் பத்திரமாகவே ஆடி ஜெயிக்க முடியாதபடி ஆட்டம் கட்டப்பட்டிருக்கிறது. எண் நம்முடைய தேர்வில்லை. எந்தக் காய் என்பது நம்முடைய தேர்வு. அறிவு வேலை செய்வது இந்த இடைவெளியில்.

தாயத்துக்கு உறவுமுறையில் சொக்கட்டான் வருகிறது. சிலுவை மாதிரி நாலு கை. ஒவ்வொரு கையிலும் மூன்று வரிசை, வரிசைக்கு எட்டு கட்டம். நாலு பேர் இரண்டு கட்சியாக ஆடுவார்கள். கூட்டாளியின் காயையும் சேர்த்து யோசிக்கவேண்டும். வடக்கே இது சௌபட், பச்சீசி. ஃபத்தேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் இதற்கான கட்டம் தரையிலேயே இருக்கிறது. இந்தக் குடும்பத்திலிருந்துதான் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பார்ச்சீசியும் இங்கிலாந்தின் லூடோவும் பிறந்தன. போகிற வழியில் சிக்கலை உதிர்த்துவிட்டு, குழந்தைகள் விளையாட்டாக அவை நமக்கே திரும்பி வந்தன.

பேக்கமன் இதே வேலையை இரண்டு பேருக்கு, இன்னும் இறுக்கமாகச் செய்கிறது. ஆளுக்கு 15 காய், இரண்டு ஆறுமுகப் பகடை, 24 முக்கோணமும் 24 வீடு. எதிரெதிர்த் திசையில் சுற்றிவந்து, எல்லாக் காய்களையும் தன் கடைசி ஆறு வீடுகளுக்குள் சேர்த்து, பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுக்கவேண்டும். தனியாக நிற்கிற காயை அடிக்கலாம். அடிபட்டது நடுப்பட்டையில் ஏறி, மறுபடி முதலிலிருந்து நுழையவேண்டும். இரண்டு காய் சேர்ந்த வீட்டில் எதிராளி கால் வைக்கமுடியாது. தொடர்ந்து ஆறு வீடு இப்படிக் கட்டிவிட்டால், பின்னால் மாட்டின காய் எந்த எண் விழுந்தாலும் தாண்டமுடியாது. இரண்டு பகடையிலும் ஒரே எண் விழுந்தால் அதை நாலு முறை ஆடலாம்.

இங்கே கணக்கு வேறு மாதிரி. இரண்டு பகடையின் கூட்டுத்தொகையில் அதிகம் வருவது 7 என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனால் ஏழு வீடு தள்ளி நிற்கிற காயை அடிக்க 36இல் ஆறு வழிதான். ஆறு வீடு தள்ளி நின்றால் 17 வழி. ஒரு பகடையே 6 காட்டலாம், இரண்டும் சேர்ந்தும் 6 ஆகலாம் என்பதால் இந்த வித்தியாசம். புதிதாகக் கற்கிறவர் முதலில் மனதில் வாங்கவேண்டியது இதைத்தான்: தனிக்காயை விட்டுத்தான் தீரவேண்டுமென்றால் எதிராளியிடமிருந்து ஏழு வீடு தள்ளி விடு, இல்லையா, ஒரேயடியாக ஒட்டி விடு, ஒரு வீடு தள்ளி நின்றால் 11 வழிதான். தொடக்கத்தில் 3ம் 1ம் விழுந்தால், தன் எல்லைக்குள் ஐந்தாம் வீட்டை இரண்டு காயால் கட்டுவதைவிட நல்ல ஆட்டம் கிடையாது. ஓடுவது, தடுப்பது, காத்திருந்து அடிப்பது என்று மூன்று திட்டங்கள். எது என்பதைப் பகடை பார்த்து நடுவில் மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்தான் ஆட்டக்காரர். வகைகளும் பல. கிரேக்கர்களின் பிளகோத்தோவில் அடிப்பது கிடையாது. எதிரியின் தனிக்காய்மேல் ஏறி உட்கார்ந்து நகரவிடாமல் பிடித்துவைப்பது.

4

பேக்கமனின் பழைய பாரசீக வடிவம் நர்த். அதன் பிறப்பைப் பற்றிப் பஹ்லவி மொழியில் ஒரு கதை இருக்கிறது, ஷாநாமாவிலும் வருகிறது. முதலாம் குஸ்ரோ காலத்தில் இந்திய அரசன் ஒருவன் சதுரங்கத்தைப் புதிராக அனுப்புகிறான். அமைச்சர் புசுர்க்மிஹர் அதை விடுவித்துவிட்டு, பதிலுக்கு நர்த்தைச் செய்து அனுப்புகிறார். பலகை பூமி, 30 காய்கள் மாதத்தின் 30 நாள், பகடையின் உருளல் வானத்தின் சுழற்சி. இந்தியர்களால் அதை விடுவிக்க முடியவில்லை. இதை வரலாறாக எடுத்துக்கொண்டு யார் எதை முதலில் கண்டுபிடித்தார்கள் என்று சண்டை போடுவதில் பிரயோசனமில்லை. கதையாடலாக எடுத்துக்கொண்டால் விஷயம் இருக்கிறது. அரசன் அனுப்பியது, எல்லாமே தன் கையில் இருக்கிற உலகம். அமைச்சர் திருப்பி அனுப்பியது, பாதி கையில் இல்லாத உலகம். ஆணையிடுகிறவனுக்கு முதலாவது பிடிக்கும். ஆணைகளுக்கு நடுவே பிழைக்கவேண்டியவருக்கு இரண்டாவதுதான் பழக்கம்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரொஜே கையுவா 1958இல் எழுதிய விளையாட்டு பற்றிய நூலில் போட்டியையும் அதிர்ஷ்டத்தையும் இரண்டு தனி வகைகளாகப் பிரித்தார். பேக்கமன், சீட்டு போன்றவற்றில் இரண்டும் கலந்திருப்பதையும் குறித்தார். நம் ஆட்டங்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். ஒரு கோடியில் பரமபதம். எண் விழுந்தால் ஏணியோ பாம்போ, மனுஷருக்கு அங்கே வேலையே இல்லை. மறுகோடியில் ஆடுபுலியும் செஸ்ஸும், அதிர்ஷ்டத்துக்கு வேலை இல்லை. நடுவில் தாயம், சொக்கட்டான், பேக்கமன். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்க மயிலாப்பூர் வீடுகளில் பரமபதப் படமும் விரிப்பார்கள், தாயமும் உருட்டுவார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று நாம் நினைப்பது, தூரத்திலிருந்து பார்ப்பதால்.

அதிர்ஷ்டம் அறிவுக்கு எதிரி என்கிற எண்ணத்தை ஒரு இயந்திரமும் உடைத்திருக்கிறது. 1992இல் ஐபிஎம்மில் ஜெரால்ட் டெசாரோ, டிடி-கேமன் என்ற நிரலை உருவாக்கினார். தனக்குத்தானே பேக்கமன் ஆடி ஆடியே அது கற்றுக்கொண்டு, உலகின் முதல்நிலை ஆட்டக்காரர்களுக்குச் சற்றே குறைந்த நிலைக்கு வந்தது. தொடக்க நகர்த்தல்கள் சிலவற்றில் நிபுணர்கள் தங்கள் பழக்கத்தையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அது அவ்வளவு நன்றாகக் கற்றதற்குப் பகடையும் ஒரு காரணம். தான் விரும்பிப் போகாத நிலைகளுக்கெல்லாம் பகடை அதைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அதனால் பல நிலைகளையும் பார்த்தது. நினைத்த இடத்துக்கே போய்க்கொண்டிருப்பவர்கள் கற்பது குறைவு என்று இதை மனுஷ பாஷையில் சொல்லலாம்.

5

பணயம் இல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. பங்குனி உற்சவத்தின் எட்டாம் நாள் மயிலாப்பூர் மாடவீதிகளில் அறுபத்துமூவர் உலா வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு சூதாடியும் இருக்கிறார்: மூர்க்க நாயனார். சென்னைக்குப் பக்கத்துத் திருவேற்காட்டுக்காரர். அடியார்களுக்கு அமுது படைத்தே சொத்தெல்லாம் கரைந்த பிறகு, முன்பு கற்றுவைத்திருந்த சூதை ஆடிப் பொருள் சேர்த்தார் என்கிறது பெரியபுராணம். அவருடைய உத்தியைச் சேக்கிழார் தெளிவாகவே சொல்கிறார்: முதல் ஆட்டத்தில் தாம் தோற்றுப் பணயத்தைக் கொடுத்துவிடுவார், பிறகு தொடர்ந்து ஜெயிப்பார். ஒப்புக்கொண்டதைத் தர மறுத்தவனைச் சுரிகையால் குத்துவார். ஜெயித்த பணத்தைத் தான் தொடாமல் சமையல்காரர்களிடம் கொடுத்துவிடுவார்.

குறளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரிகிறது. வள்ளுவர் எச்சரித்த அந்தத் தூண்டில் முள்ளை வீசுகிறவரே நாயனார். பக்திப் பிரதி, வழியை நியாயப்படுத்தப் போகும் இடத்தைக் காட்டுகிறது: பணம் போன இடம் பந்தி. தோற்றுக் குத்துப்பட்டவன் வீட்டு அடுப்பைப் பற்றி அங்கே பேச்சில்லை.

பேக்கமனில் 1920களில் நியூயார்க்கில் ஒரு புதுமை சேர்ந்தது: 2, 4, 8, 16, 32, 64 என்று எழுதிய இரட்டிப்புக் கட்டை. ஆட்டம் தனக்குச் சாதகம் என்று நினைக்கிறவர் பணயத்தை இரட்டிப்பாக்கச் சொல்லலாம். எதிராளி ஒத்துக்கொள்ளலாம், அல்லது இருக்கிற பணயத்தைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடலாம். எப்போது எழுந்திருப்பது? கணக்கு எளிது. ஒரே மாதிரி நிலை நாலு தடவை வருகிறது, அதில் ஒன்றில் ஜெயிப்பாய் என்று வைத்துக்கொள். ஒவ்வொரு தடவையும் எழுந்துவிட்டால் நஷ்டம் 4. ஒத்துக்கொண்டால் மூன்று தோல்விக்கு 6 போய், ஒரு வெற்றிக்கு 2 வரும். நஷ்டம் அதே 4. ஆகவே நாலில் ஒரு பங்குக்குக் கீழே வாய்ப்பு என்றால் எழுந்துவிட வேண்டும். தோல்வியைச் சின்னதாக்கிக்கொண்டு எழுந்திருப்பதை ஒரு திறமையாகவே ஆட்டவிதிக்குள் வைத்திருக்கிறார்கள். மூர்க்கரிடம் மாட்டியவர்களுக்கு இல்லாமல்போனது இந்தத் திறமைதான்.

நம் சட்டமோ வேறு கேள்வி கேட்டது: இது திறமையா, அதிர்ஷ்டமா? 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழக அரசு 1974இல் கொண்டுவந்த சட்டம் வழக்காகி, 1996இல் அதே நீதிமன்றம் பந்தயத்தையும் திறமை என்றது. கிண்டியில் குதிரைமேல் பணம் கட்டுவது திறமை; தெருமுனையில் பகடை உருட்டினால் போலீஸ். இணைய ரம்மி வந்து, பணத்தை இழந்தவர்கள் தற்கொலை செய்துகொண்டபோது, இந்த 'திறமை' என்ற சொல்தான் கம்பெனிகளின் கவசமாயிற்று. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த 2022 தமிழகச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்தது; 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சேர்க்கையை மட்டும் ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம்தான், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் தடை செய்தது.

வள்ளுவர் இந்தக் குழப்பத்தில் மாட்டவில்லை. ஒருவரைக் கெடுப்பவற்றைச் சொல்லும்போது ஆடுகருவி, ஆடுகளம் என்பவற்றோடு ஆடுகிறவரின் கைத்திறனையும் சேர்த்தே வைக்கிறார். 'நமக்குத்தான் ஆடத் தெரியுமே' என்கிற கர்வமும் தூண்டிலின் ஒரு பகுதி. ஆளைக் கெடுப்பது பகடையின் தற்செயல் என்று சொன்னவர்களும், திறமை இருப்பதால் கெடுக்காது என்று வாதாடியவர்களும் ஒரே எதிர்மறைக்குள் நின்றுதான் பேசினார்கள். கேட்டிருக்கவேண்டியது: பணயம் யார் கையில், எழுந்திருக்க வழி இருக்கிறதா, எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் தெரிகிறதா? திண்ணைத் தாயத்தில் புளியங்கொட்டைதான் காய். எதிரே நாத்தனார். பால்காரர் வந்தால் ஆட்டம் கலையும். நள்ளிரவில் தனியாகக் கைபேசி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த மூன்றும் இல்லை.

அந்தத் திண்ணையிலும் கூடத்திலும் ஆடியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். யாரைக் கட்டிக்கொள்வது, எத்தனை பிள்ளை, எந்த ஊர் என்று பல விஷயங்கள் அவர்கள் உருட்டாமலே அவர்களுக்கு விழுந்தவை. விழுந்ததை எந்தக் காய்க்குக் கொடுப்பது, எதை மலையில் நிறுத்துவது, எப்போது வெட்டுவது என்று யோசிக்கும் பயிற்சி அவர்களுக்கு இருந்ததில் ஆச்சரியமில்லை. அதைப் பொழுதுபோக்கு என்று பெயரிட்டு ஒதுக்கிய நாம், எல்லாமே தன் கையில் இருக்கிற ஆட்டத்தை மட்டும் அறிவு என்று கொண்டாடினோம். செஸ்ஸின் பெருமையை இதற்காகக் குறைக்கவேண்டியதில்லை. பேக்கமன் கற்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை மட்டும்: புத்தகத்தைத் தேடும் முன்னால், வீட்டில் தாயம் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரோடு பத்து ஆட்டம் உட்காருங்கள். தாயம் விழாத நேரத்தில் அவர் மிச்சக் காய்களை எப்படி வைக்கிறார் என்று பாருங்கள்.